டிரைவர் சாப்பாடு

சத்யராஜுக்கு வாயைத் திறந்தால் வருவது ஒரே வார்த்தை: "சரிங்க." மலைமேல் நாகலூரில் டாக்ஸி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சுற்றுலா வந்தவர்கள் விடிவதற்குள் சேர்வராயன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் "சரிங்க". பாதி வழியில் மனசு மாறி, கரடியூருக்குத் திருப்பு என்றால் அதற்கும் "சரிங்க". அவன் அப்பா அம்மா இருவரும் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக் காலத்தை ஓட்டியவர்கள். மகன் கடனெல்லாம் அடைத்துச் சொந்தமாக ஒரு காரே வாங்கிவிட்டான், தலையாட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அவன் மனைவி பானு வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கிறவள். வாய்விட்டு எதையும் கேட்காதவள், இந்தக் கல்யாண நாளுக்கு ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க, எனக்குச் சேலையெல்லாம் வேண்டாமுங்க. ஏரிக்கு மேல கண்ணாடி போட்ட ஓட்டல் இருக்குதுல்ல, நீங்க கெஸ்ட்டுங்களக் கூட்டிட்டுப் போவீங்களே, அங்க போயி நாம ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து ஒண்ணாச் சாப்புடணுமுங்க. அவ்வளவுதான்."

நியாயமான ஆசைதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டதே கிடையாது. அவன் வருகிற நேரத்துக்கு வருவான், அவள் பரிமாறுவாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்த பிறகு, சுவரைப் பார்த்தபடி அவள் சாப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்காரலாம் என்றால் அன்றைக்குத்தான் மலை முழுக்கக் கூட்டம். சத்யராஜ் "சரி" என்றான். இந்த ஒரு "சரி"யை மனசாரச் சொன்னான்.

மகளைப் பக்கத்து வீட்டு ஜெயகுமாரியிடம் விட்டுவிட்டு, கல்யாண நாளன்று சாயங்காலம் கிளம்பினார்கள். பானு பச்சைப் பட்டு. சத்யராஜ் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், ஏனென்றால் அவனிடம் இருக்கிற நல்ல துணி எல்லாமே வெள்ளை. பழக்கதோஷத்தில் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். தனக்குச் செய்கிற மரியாதை என்று பானுவும் சந்தோஷமாக ஏறி உட்கார்ந்துவிட்டாள். அங்கே பிடித்தது சனியன்.

ஓட்டல் வாசலில் செக்யூரிட்டி ஓடிவந்து பின்கதவைத் திறந்து சல்யூட் வைத்தார். "வாங்க மேடம்." பிறகு முன்பக்கம் குனிந்து, "அண்ணா, வண்டியப் பின்னாடி போட்டுருங்க" என்றார்.

"சரிங்க" என்றான் சத்யராஜ்.

பின்னால் சமையலறையை ஒட்டி டிரைவர்களுக்கு ஒரு சின்ன ரூம் உண்டு. விருந்தாளிகளைக் கூட்டிவருகிற டிரைவருக்கு அங்கே இலவசச் சாப்பாடு. நூறு தடவையாவது அங்கே சாப்பிட்டிருப்பான். வண்டியைப் பூட்டிவிட்டுத் திரும்புவதற்குள், பரிமாறுகிற ராஜ்குமார் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டார். "வாங்கண்ணா, உக்கோருங்க."

"இல்லீங்க, இன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தான். அதற்குள் சாம்பார் விழுந்துவிட்டது. போட்ட சோற்றை வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடலாம் என்று உட்கார்ந்தான். பொரியல் வந்தது, முட்டை வந்தது, மறுசோறும் வந்தது. எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றான்.

ரசம் ஊற்றும்போது ராஜ்குமார் குரலைத் தாழ்த்தினார். "நீங்க கூட்டியாந்த மேடம் யாருக்கோ காத்திருக்காங்களாமுங்ணா. ஆர்டரே குடுக்கலையாம். பட்டுச் சேலையெல்லாம் கட்டிட்டு வந்து, பாவம். அந்த ஆளு வரமாட்டான்னு நினைக்கிறேன்."

சத்யராஜ் பிசைந்த சோற்றை அப்படியே விட்டான். உலகத்தில் இவ்வளவு கேவலமான புருஷன் ஒருத்தன் இருப்பானா என்று நினைத்தான். அது தான்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பாதித் தட்டில் எழுந்து, கையைக் கழுவிவிட்டு, வாசல் பக்கம் ஓடினான்.

செக்யூரிட்டி மறித்தார். "மேடத்துகிட்ட ஏதாச்சும் சொல்லணுங்களாண்ணா? நான் சொல்லிடறேன்."

"அவங்க... என் சம்சாரமுங்க" என்றான் சத்யராஜ், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிற குரலில். செக்யூரிட்டி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

கண்ணாடி ஓரத்து மேஜையில் பானு தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையில் சாம்பார்.

"சாப்ட்டுட்டீங்களா?"

"வெச்சாங்க. சாப்ட்டேன்."

"இங்க ஒருத்தி உக்காந்திருக்கறது நெனப்பு இல்லீங்களா? வெச்சா சாப்ட்ருவீங்களா?" அவள் குரல் உடைந்தது. "என்கூட ஒரு வேளைச் சோறு திங்கணும்னு சொல்றதுக்குக்கூட உங்களுக்கு வாய் வரலீங்களா?"

சர்வர் வந்து பவ்யமாகக் குனிந்து, "சாருக்கு?" என்று கேட்டான். அந்த 'சார்' தான்தான் என்று புரிய சத்யராஜுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாட்டுக்கோழிக் குழம்பு, பரோட்டா, இரண்டு பேருக்கும் என்றான். வயிற்றில் இடமே இல்லை. இருந்தாலும் சொன்னான்.

சாப்பாடு வந்தது. பானு கையை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். சத்யராஜ் பரோட்டாவைப் பிய்க்கும்போது செக்யூரிட்டி மேஜைக்கே வந்துவிட்டார்.

"அண்ணா, உங்க வண்டி கேஸ் சிலிண்டர் வண்டிய மறிச்சுட்டு நிக்குது. ஒரு நிமிசம் எடுத்துட்டீங்கன்னா..."

சத்யராஜின் உடம்பு தானாகவே பாதி எழுந்துவிட்டது. பானு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மறுபடியும் உட்கார்ந்தான். பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்களேண்ணா" என்றார் செக்யூரிட்டி.

"தெரிஞ்ச ஆளாப் பாத்துக் குடுங்க. நான் என் சம்சாரத்தோட சாப்ட்டுட்டு இருக்கேன்."

செக்யூரிட்டி சாவியை வாங்கிக்கொண்டு போனார். வெளியே யாரோ கியரைக் கரகரவென்று போட்டார்கள். சத்யராஜுக்கு நெஞ்சே பிய்ந்துபோனது. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. பானு தன் தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டு, "ஆறிப்போயிருமுங்க, சாப்புடுங்க" என்றாள். இருவரும் ஒரே நேரத்தில் வாயில் வைத்தார்கள்.