மைன்ஸ் நகரில் ஓர் அத்தித்லான் வீடு

1973 மார்ச், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 8.40 ரயிலில் ஜெர்மனியின் பான் நகரிலிருந்து புறப்பட்டோம். மைன்ஸுக்கு நூற்றைம்பது கிலோமீட்டர். குவாத்தமாலாவிலிருந்து வந்து அங்கே வேதியியல் படிக்கும் பெத்ரோ, முன்பு பானில் என் கணவரோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்த நண்பர். அவர் வீட்டுக்குத்தான் விருந்துக்குப் போகிறோம். பத்து மாத மகள் மீனாவுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

“சளியோட குழந்தையைத் தூக்கிட்டுப் போறது சரியாங்க? அங்கேயும் கைக்குழந்தை இருக்கு.”

“காய்ச்சல்தான் இல்லையே. மூணு தடவை தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்துட்டே.”

நான்கு தடவை. ஒன்று அவருக்குத் தெரியாது.

கோப்லென்ஸ் தாண்டியதும் ரைன் நதியை இரண்டு பக்கமும் மலைகள் நெருக்கின. செங்குத்தான சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள், உச்சியில் பாழடைந்த கோட்டைகள், கீழே நிலக்கரி ஏற்றிய படகுகள். நான் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது எதிரில் இருந்த முதிய ஜெர்மன் பெண்மணி என் முழங்காலைத் தட்டினார். “குழந்தைக்குத் தொப்பி எங்கே?” என்றார். ரயிலுக்குள் வெப்பமூட்டி எரிந்துகொண்டிருந்தது. இருந்தாலும் தொப்பியை எடுத்து மாட்டினேன். இந்த நாட்டில் என்னிடம் யார் எதைச் சொன்னாலும் செய்துவிடுகிறேன்.

பத்தரை மணிக்கு மைன்ஸ். நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை, பிறகு மூன்று மாடி. கதவைத் திறந்தவர் பெத்ரோவின் மனைவி மரியா. நான் வணக்கம் சொல்ல மறந்து நின்றுவிட்டேன். ஊதாக் கோடுகள் ஓடும் வெள்ளை மேல்சட்டை, அதன் கழுத்தைச் சுற்றி நூலால் தைத்த சிறு பறவைகள். எண்ணினால் நாற்பதுக்கு மேல் இருக்கும், ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. தலையில் பத்து மீட்டருக்கும் மேல் நீளமான சிவப்பு நாடாவைச் சுற்றிச் சுற்றித் தட்டுப் போல அமைத்திருந்தார். முதுகில் துணியால் கட்டிய ஐந்து மாத மகன். கூடத்தில் ஒரு தறி. அதன் ஒரு முனையைச் சுவரில் இருந்த வெந்நீர்க் குழாயில் கட்டியிருந்தார்கள். மறுமுனையின் வாரை மரியா இடுப்பில் மாட்டிக்கொண்டு தரையில் உட்கார, அந்த உடம்பின் இழுப்பில்தான் பாவு நூல் விறைத்து நின்றது. தறிக்கு வேறு சட்டம் இல்லை, அவரே சட்டம்.

“தெருவுக்குப் போனா கோட்டுதான் போடுவா. இதை வீட்டுக்குள்ளே மட்டும் உடுத்துறா,” என்றார் பெத்ரோ ஆங்கிலத்தில். “எங்க தலைநகரத்திலேயே இந்த உடுப்போட போனா வேலைக்காரின்னு நினைச்சுப் பின்கதவைக் காட்டுவாங்க. பள்ளிக்கூடத்துல எங்க மொழி பேசினதுக்கு என்னை முட்டி போட வச்சாங்க. என் பையனுக்கு அது வேண்டாம். ஸ்பானிஷ் போதும்.”

அவர் காபி எடுக்க உள்ளே போனதும் மரியா குழந்தையிடம் வேறொரு மொழியில் பேசினார். தொண்டையில் சட்டென்று நின்று நின்று வரும் மொழி. பெத்ரோ திரும்பியதும் ஸ்பானிஷுக்கு மாறிக்கொண்டார்.

மதியம் சோளமாவில் அவித்த உருண்டைகள், கறுப்பு பீன்ஸ். பொதிய இலை கிடைக்காமல் அலுமினியத் தாளில் பொதிந்திருந்தார்கள். எனக்குக் கொழுக்கட்டை நினைவு வந்தது. சாப்பிடும்போது பெத்ரோ அத்தித்லான் ஏரிக்கரையில் இருக்கும் தங்கள் ஊரைப் பற்றிச் சொன்னார். மூன்று எரிமலைகளுக்கு நடுவே ஏரி. இப்போது அமெரிக்கர்கள் காலையில் படகில் வந்து, குழந்தைகளைப் படம் பிடித்து, மதியம் அதே படகில் போய்விடுகிறார்களாம். தாய்மார்கள் குழந்தை முகத்தை மூடுகிறார்களாம்.

நம் ஊர் திருஷ்டிதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதிலும் மரியாவின் குழந்தை ஜனவரியில் நிமோனியாவில் பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்து, இரண்டு வாரமாகத்தான் சரியாகப் பால் குடிக்கிறது. ஆகவே அழகு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீனாவின் சளியை நினைத்துத் தொடவும் இல்லை. மரியா இரண்டு முறை குழந்தையை என் பக்கம் நீட்டினார். சிரித்துக்கொண்டே தள்ளி உட்கார்ந்தேன். ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கறுகறுவென்று நிமிர்ந்து நிற்கும் முடி, ஈரக் கண்கள்.

மூன்று மணிக்கு அது அழ ஆரம்பித்தது. மரியா மார்போடு சேர்த்தார்; முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி, மறுபடி. மரியா கணவரிடம் ஏதோ சொன்னார். “தூக்கக் கலக்கம்,” என்று பெத்ரோ எங்களிடம் சிரித்தார். நாங்கள் விடைபெற்றோம்.

4.17 ரயிலுக்கு நடைமேடையில் நின்றபோது கூட்டம் ஒரே பக்கமாகத் திரும்பியது. படிக்கட்டில் மரியா ஓடிவந்தார். கோட்டு இல்லை. அந்தப் பறவைச் சட்டையும் சிவப்புத் தலைக்கட்டுமாக, முதுகில் குழந்தை கதற, ஞாயிற்றுக்கிழமை ஜெர்மானியர்களுக்கு நடுவே. பின்னால் பெத்ரோ, முகம் சிவந்து.

மரியா என் முன் நின்று பேசினார். பெத்ரோ மொழிபெயர்க்கவில்லை. மரியா அவர் கையைப் பிடித்து உலுக்கினார்.

“மன்னிச்சுக்குங்க. பழைய நம்பிக்கை,” என்றார் அவர். “நாள் பூரா நீங்க இவனையே பார்த்தீங்களாம், ஒரு தடவைகூடத் தொடலையாம். அந்தப் பார்வை இவன் மேலேயே தங்கிடுச்சாம். பார்த்தவங்களே கையில எடுத்தாத்தான் இறங்கும்னு சொல்றா. ஊர்லேயும் படகுல வர்ற அந்த அமெரிக்கர்கள் பின்னாடி இப்படித்தான் ஓடுவாங்க.”

“என் பொண்ணுக்குச் சளி, அவளைத் தூக்கின கை. ஒட்டிக்கிட்டா? நிமோனியா வந்த குழந்தை...”

பெத்ரோ அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் மரியா மீனாவின் மூக்கைப் பார்த்தார். ஒரு கணம் தயங்கினார். பிறகு முந்தானை போன்ற தன் துணி நுனியால் என் இரண்டு கைகளையும் விரல் விரலாகத் துடைத்துவிட்டார்.

மீனாவை வாங்கிக்கொண்டு என் கணவர், “தூக்கு. பார்த்தது நீதானே,” என்றார்.

தூக்கினேன். அந்த எடை மீனாவின் பாதிகூட இல்லை. மரியா காட்டியபடி நெற்றி, கைகள், பாதங்கள் என்று தடவினேன். அழுகை உடனே நிற்கவில்லை. கொஞ்ச நேரம் என் கண்ணாடியைப் பிடித்து இழுத்து அழுதது, பிறகு விக்கியது. மரியா வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து துணியால் மறைத்துப் பால் கொடுத்தார். அது குடித்தது. சுற்றி நின்றவர்களை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. பெத்ரோ கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் வந்துவிட்டது.

நான்கு நாள் எனக்குத் தூக்கமில்லை. தொட்டது தப்போ, முதலிலேயே தொடாதது தப்போ என்று. வியாழக்கிழமை பெத்ரோவின் கடிதம் வந்தது: குழந்தை நன்றாகக் குடிக்கிறது, சளி இல்லை, நடந்ததற்கு மன்னிக்கவும்.

மன்னிக்க என்ன இருக்கிறது? கண்ணுக்கு நாமும்தான் பயப்படுகிறோம். போன மாதம் கீழ்வீட்டு ஜெர்மன் பெண் மீனாவின் கால்களைப் புகழ்ந்தாள். மறுநாள் மீனா சாப்பிடவில்லை. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டால் குழந்தையை உள்ளே தூக்கிப் போய்விடுகிறேன். எரிமலைகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஊரிலோ, பார்த்தவரைத் தேடி ஓடிப்போய்க் குழந்தையை அவர் கையிலேயே கொடுக்கிறார்கள்.

மீனாவைத் தூக்கிக்கொண்டு கீழே போகலாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். கதவைத் தட்டிவிட்டு என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.