ரெஜினா கேட்டு வாங்கிய தனி அறை

ரெஜினா குறட்டை விட்டதே இல்லை.

இன்று காலை இறந்துவிட்டாள். ஜெர்மனியில், மகள் டிலானியைப் பார்க்கப் போன இடத்தில், ஒரு மருத்துவமனையில்... லண்டன் அப்டன் பார்க்கில் தையல் கடை வைத்திருந்த அதே ரெஜினாதான்.

எங்கள் தேவாலயப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அதன் கீழேயே ஒருவர் எழுதியிருக்கிறார்: "பாவம் ரெஜினா அக்கா. அவவின்ர குறட்டை தாங்கேலாமல் அமெரிக்காவில தனி ரூம் எடுத்த பெருமைக்காரி இண்டைக்கு அழுவாவோ தெரியாது." கூடவே ஒரு சிரிக்கும் முகம்.

அந்தப் பெருமைக்காரி நான்தான். ஆகவே திருத்தவேண்டியவளும் நான்தான்.

என் கணவர் இறந்து ஒரு வருடம் நெருங்கிய நேரம் அது. "வீட்டுக்குள்ள இருந்து சுவரைப் பாத்தது காணும், வெளிக்கிடுங்கோ அக்கா" என்று ரெஜினாதான் என்னை அமெரிக்காவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நியூ ஜெர்சியில் இருக்கும் அவளுடைய தம்பி அன்ரன் கார் ஓட்டினார். புளோரிடா வரை. பகலெல்லாம் ரோடு, பொழுதுபட்டால் மோட்டல். எங்கள் இருவருக்கும் ஓர் அறை, அன்ரனுக்கு ஓர் அறை.

முதல் மோட்டலிலேயே ரெஜினா சூட்கேஸிலிருந்து ரைஸ் குக்கரை வெளியே எடுத்தாள். அறையில் சமைக்கக் கூடாது என்று கதவில் ஒட்டியிருந்ததை நான் வாசித்துக் காட்டினேன்.

"அது இறைச்சி பொரிக்கிற ஆக்களுக்கு எழுதினது. நாங்கள் சோறுதானே அக்கா."

குக்கர் குளியலறைக்குள். மணம் வெளியே போகாமல் கதவடியில் ஈரத் துவாய். கருவாடும் கொண்டுவந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது... அன்ரன் ஓடிவந்து கதவைத் தட்டினார். "அக்கா, கார் பார்க் முழுக்க மணக்குது!"

"அப்ப நீயும் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வா" என்றாள்.

காலையில் நான் கட்டிலை ஒழுங்காக விரித்துவிட்டுத்தான் புறப்படுவேன். கொன்வென்ட் விடுதியில் பழகியது. "காசும் குடுத்து வேலையும் செய்து குடுக்கிறியள். சிஸ்டர்மார் இஞ்சையும் வந்து பாப்பினமோ?" என்பாள் ரெஜினா.

அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். இரவு முழுவதும் குளியலறை விளக்கு எரிய வேண்டும், கதவு கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். இருட்டில் படுக்கமாட்டாள். தனியாகவும் படுக்கமாட்டாள்.

எனக்கோ வெளிச்சத்தில் நித்திரை வராது. ஆனாலும் காரணம் கேட்கவில்லை. போர்க்காலத்தில் பங்கருக்குள் பதுங்கி இருந்து வந்தவளிடம் அதைக் கேட்பார்களா? கண்ணுக்கு மேல் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

ஜோர்ஜியாவில் ஒரு மோட்டல். விடிந்தால் என் கணவரின் ஆண்டு நினைவு. பகல் முழுவதும் நான் கார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

மற்றவர்களுக்கு முன் அழுகிற பழக்கம் எனக்கில்லை. அவருடைய சவப்பெட்டியை மூடியபோதுகூட அழவில்லை. ரெஜினா பக்கத்தில் நின்று பார்த்தவள்.

ரிசப்ஷனில் என்னை முந்திக்கொண்டு போய் நின்றாள். "வன் மோர் ரூம், பிளீஸ். மை சிஸ்டர். ஐ ஸ்நோர். வெரி பிக்!" கையை அகல விரித்தும் காட்டினாள். அங்கிருந்த பெண் சிரித்தாள். அன்ரன் விழுந்து விழுந்து சிரித்தார்.

சாவியை என் கையில் வைத்துவிட்டு மெல்லச் சொன்னாள். "போங்கோ அக்கா. சுவர் தடிப்பு... ஒருத்தருக்கும் கேக்காது."

சுவர் தடிப்பில்லை. அது அவளுக்கும் தெரியும்.

கதவைச் சாத்த முன் பார்த்தேன். பக்கத்து அறையில் இருந்த விளக்கு அத்தனையையும் போட்டிருந்தாள். காலையில் என் வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கோப்பியை நீட்டினாள்.

லண்டனுக்கு வந்து அந்தக் குறட்டைக் கதையை எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தவள் அவளேதான். என்னிடம் யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக.

என்னைப் பெருமைக்காரி என்று சொல்லுங்கள், அது உண்மை. இல்லாத குறட்டையை மட்டும் இனி அவள்மேல் போடாதீர்கள்.

போய் வா, ரெஜினா... உன் கட்டிலை நான் விரித்துவிடுகிறேன்.

டிலானி, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். நேற்றிரவு மருத்துவமனையில் அம்மாவின் அறையில் ஒரு விளக்காவது எரிந்ததா? பக்கத்தில் யாராவது இருந்தார்களா?

எனக்குப் போன் எடுத்துக் கதைக்க வேண்டாம், பிள்ளை. எழுதி அனுப்பு.