மாசி மாதத்தில் நாலடித் தண்ணீர்

1936-ஆம் வருஷத்தில் மதுரை நகரத்தில் சொந்தக் கப்பல் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் விஸ்வேஸ்வரன். வடக்கு ஆவணி மூல வீதியில் ஒரு நீளமான வீட்டின் பின்பாதியில் குடியிருந்தார். வயது ஐம்பத்தெட்டு. நீர்ப்பாசன அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்.

கப்பல் என்பது ஜட்காக்காரர்கள் கொடுத்த பட்டம். உண்மையில் அது பதினெட்டடி நீளமுள்ள மோட்டார் படகு. நடுவில், குனிந்து நுழைந்து குனிந்தபடியே உட்காரத்தக்க ஒரு மர அறை. அறைக்குள் எதிரெதிராக இரண்டு படுக்கைப் பலகைகள், பக்கத்துக்கு மூன்றாக வட்டக் கண்ணாடி ஜன்னல்கள், முகம் கழுவவா எச்சில் துப்பவா என்று கடைசி வரை தெளிவாகாத ஒரு பீங்கான் தொட்டி. சமுத்திரமோ அங்கிருந்து அறுபது மைலுக்கு அப்பால். வைகையோ வருஷத்தில் பத்து மாதம் துணி காயப்போடுவதற்கென்றே ஏற்பட்ட மணல். இப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் படகு வாங்கினால் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்வது சுலபம். ஊரார் சுலபமானதையே சொன்னார்கள்.

ஆனால் விஸ்வேஸ்வரன் எந்தக் காரியத்தையும் முகாந்திரம் இல்லாமல் செய்கிறவர் அல்ல. இருபத்துநாலு வருஷம் அவர் செய்த உத்தியோகம், வெள்ளைக்கார இஞ்சினீயர்களின் சுற்றுப்பயணக் குறிப்புகளை அழகான கையெழுத்தில் நகல் எடுப்பது. மேற்கு மலையிலிருந்த பெரிய நீர்த்தேக்கத்தில் அவர்கள் படகில் போவார்கள். ‘காலை ஏழு மணிக்குப் படகில் புறப்பட்டேன். காற்று இதமாக இருந்தது. படகிலேயே மதிய உணவு’ என்று துரை கிறுக்கியிருப்பதை விஸ்வேஸ்வரன் முத்து முத்தாக எழுதுவார். அப்படி அவர் கையால் ஆயிரத்துச் சொச்சம் முறை படகு புறப்பட்டிருக்கிறது. அவர் மட்டும் ஒரு தடவையும் நாற்காலியை விட்டுப் புறப்படவில்லை. ஆகவே, சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரின் பங்களாவில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, பழுது பார்ப்பதற்கென்று மலையிலிருந்து இறக்கிக் கொட்டகையில் மறந்துபோன அந்தப் படகு யாருக்கு நியாயப்படி சேர வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே எழவில்லை.

இரண்டு மாட்டுவண்டிகளைச் சேர்த்துக் கட்டி, படகை மேலே ஏற்றி, விளாங்குடிக்குக் கொண்டுபோனார்கள். காளவாசலில் செங்கல் சூளை வேலைக்காரர்கள் மொத்தமும் எழுந்து வந்து சாலையோரம் நின்றார்கள்.

“என்ன சாமி, வீட்டோடவே குடி மாறுறீகளா?” என்று கேட்டார் பேயாண்டி என்ற மேஸ்திரி.

“வீடில்லைய்யா, படகு. விளாங்குடிக் கண்மாயில விடப்போறேன்.”

“விளாங்குடிக் கண்மாயிலயா! நாலு எருமை சேந்தாப்புல முங்குனா தண்ணி கரை ஏறிருமே சாமி!”

எல்லாரும் சிரித்தார்கள். விஸ்வேஸ்வரன் சிரிக்கவில்லை. அந்தக் கண்மாயின் ஆழம் மாதவாரியாக அவருக்கு மனப்பாடம். கார்த்திகையில் ஏழடி, மார்கழியில் ஆறு, தையில் ஐந்து, மாசியில் நாலு. சர்க்கார் பதிவேட்டிலேயே இருக்கிறது. செங்கல் அறுக்கிறவனுக்கு என்ன தெரியும்?

ஐப்பசி அடைமழையில் கண்மாய் நிறைந்தது. கார்த்திகை பிறந்ததும் அன்றாடம் காலையில் ஜட்கா ஏறி விளாங்குடிக்குப் போவார். கையில் ஒரு கூஜா காப்பி, ஒரு தூக்கில் தயிர்சாதம். மூன்று நாளைக்கு இரண்டு நாள் இஞ்சின் கிளம்பும். கிளம்பினால் ‘டபடப’வென்று கண்மாயை ஒரு சுற்றுச் சுற்ற இருபது நிமிஷம். கிளம்பாவிட்டால் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார். அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். உண்மையைச் சொன்னால் இஞ்சின் மக்கர் செய்கிற நாள்களே அவருக்கு வசதி. இருபது நிமிஷத்தில் உல்லாசப் பயணம் தீர்ந்துபோனால் மீதிப் பகலை என்ன செய்வது? நடுக் கண்மாயில் நங்கூரம் போடுவார். நங்கூரம் என்பது ஒரு ஆட்டுக்கல். ஒரு பலகையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார். எதிர்ப் பலகையில் தூக்கின் மூடி இருக்கும். முக்குளிப்பான் பறவைகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, பார்த்தது போதும் என்பதுபோல் முங்கிவிடும்.

துணைக்கு ஆள் தேடாமலில்லை. கூட வேலை பார்த்த சுப்பராமனை ஒருநாள் கரை வரைக்கும் அழைத்து வந்தார். சுப்பராமன் கண்மாயைப் பார்த்தார், படகைப் பார்த்தார், இரண்டு தும்மல் தும்மினார்.

“ஓய், பாக்கறப்பவே ஜலதோஷம் பிடிக்கறதே. நீர் போய்ட்டு வாரும். நான் இங்கேருந்தே அனுபவிக்கறேன்” என்று சொல்லி, குடையை விரித்துக் கரையில் உட்கார்ந்தார். விஸ்வேஸ்வரன் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் திண்டுக்கல்லிலிருந்து வந்த பஸ் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார்.

படகின் உண்மையான முகாந்திரத்தை இப்போது சொல்லிவிடலாம். விஸ்வேஸ்வரனுக்கு ஸ்யாமளா என்று ஒரே பெண். மாப்பிள்ளைக்கு நாகபுரியில் ரயில்வே கணக்கிலாகா வேலை. தாயார் பட்டுவின் பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து ரயில் ஏறினவள், ஆறு வருஷமாக வரவில்லை. ‘அடுத்த லீவுக்கு’ என்று எழுதுவாள். விஸ்வேஸ்வரன் அவளைக் குறை சொல்லவில்லை. இரண்டு அறையும் ஒரு அப்பாவும் மட்டும் இருக்கிற வீட்டுக்கு ஒரு பெண் இரண்டு நாள் ரயிலில் எதற்காக வர வேண்டும்? தக்க காரணம் காட்டாத எந்த மனுவும் மேலே போகாது என்பது அவர் சர்வீஸில் கண்ட உண்மை. வீட்டில் காரணம் இல்லை. ஆகவே கண்மாயில் ஒன்றைக் கட்டி மிதக்கவிட்டார்.

கார்த்திகையில் கடிதம் போட்டார். ‘சொந்தப் படகு. அறை உண்டு. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் தாராளமாக உட்காரலாம். மாசியில் லீவு கிடைத்தாலும் பாதகமில்லை. பதிவேட்டின் பிரகாரம் மாசியில் நாலடி ஜலம் நிற்கும். படகுக்கு இரண்டடி போதும்.’ மூன்று வாரத்தில் பதில் வந்தது. மாசி பத்தாம் தேதி நாகபுரியில் புறப்படுகிறார்கள்! கடிதத்தை வாசித்த அன்று விஸ்வேஸ்வரன் இஞ்சினுக்கு இரட்டைப் பங்கு எண்ணெய் விட்டு, கண்மாயை மூன்று சுற்றுச் சுற்றினார்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். கரையோரம் படகின் அடி எதையோ உரசுகிற சத்தம் கேட்டது. மறுநாளும் கேட்டது. நாலாம் நாள், நடுக் கண்மாயில் கழியைப் போட்டுப் பார்த்தால் மூன்றடிதான் நனைந்தது. தை மாதத்துக்குச் சேர வேண்டிய ஐந்தடியில் இரண்டடியைக் காணோம்!

மடைப் பக்கம் போனார். மடை திறக்கிற நல்லகாமன் இடுப்பளவு தண்ணீரில் நின்று அடைப்புக் கட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். அவருடைய மைத்துனன் சோணை மேலே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

“நல்லகாமா, இதைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கப்படாதா?”

“எதைங்க சாமி?”

“மடையைத்தான். மாசி இருபது வரைக்கும்.”

சோணை வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தான். “மாமா, சாமி கப்பலுக்குத் தண்ணி கேக்குறாக. நெல்லு வாயில்லாச் சீவன், அது கேக்காது. கப்பலுக்கே விட்டுருவம்.”

“ஏய், சும்மா இருடா” என்று அதட்டினார் நல்லகாமன். “சாமி, பயிரு பூட்டையில நிக்கிது, கதிரு வெளிய வார நேரம். இப்பத் தண்ணி காட்டலைன்னா அம்புட்டும் பதராப் போயிரும். மாசிக்கு என்னங்க?”

“எம் பொண்ணு வரா. மாசியில நாலடி இருக்கும்னு எழுதிட்டேன்.”

“நாலடியா? யாரு சொன்னது?”

“சர்க்கார் பதிவேடு சொல்றது. இருபத்துநாலு வருஷமா, ஒவ்வொரு மாசியிலயும் நாலடி.”

நல்லகாமன் கட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “மாசியில இந்தக் கண்மாயில மாடு மேயும் சாமி. எங்க அப்பன் காலத்துலருந்து அதான் வழமை. எவன் வந்து அளந்தான்? நான் வெவரம் தெரிஞ்ச நாள்ளருந்து இங்கதான் கெடக்கேன், ஆபீசுக்காரன்னு ஒருத்தன் இந்தக் கரைய மிதிச்சதில்ல. ஒக்காந்த எடத்துலயே எழுதியிருக்கான் களவாணிப்பய.”

“அப்படியெல்லாம் சொல்லப்படாது” என்றார் விஸ்வேஸ்வரன்.

“பெறகு எப்படிங்க சொல்றது? வருசா வருசம் ‘மேல இருந்து ஒரு பத்து நாளைக்குத் தண்ணி விடுங்க சாமி’ன்னு போயி நிப்போம். ‘ஒங்க கண்மாயிலதான் நாலடி கெடக்கே, பேராசை புடிச்ச பயலுகளா’ன்னு வெரட்டி விட்டுருவாக. அந்தப் பய மட்டும் ஒருநா என் கையில சிக்கட்டும். இந்தச் சேத்துல எறக்கிவிட்டு, நாலடி எங்கடா இருக்குன்னு காட்டச் சொல்லுறேன்.”

விஸ்வேஸ்வரன் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தார். அது சரியாகவே இருந்தது.

துரைகளின் குறிப்புகளோடு அந்தப் பதிவேட்டை நகல் எடுத்ததும் அவர்தான். அது கைக்கு வந்தபோதே அதில் மாசிக்கு நேராக நாலு என்று இருந்தது. அவர் அதை அடுத்த வருஷத்துக்கு நகல் எடுத்தார். அதற்கடுத்த வருஷம் தன்னுடைய நகலையே நகல் எடுத்தார். இப்படி இருபத்துநாலு முறை தன் கையெழுத்தையே பார்த்துப் பார்த்து, அதன் அழகில் மயங்கி, கண்மாயில் தண்ணீர் இருப்பதாக அவரே நம்பிவிட்டார். ஊரை ஏமாற்றிய குமாஸ்தாக்கள் உண்டு. தான் எழுதியதைத் தானே நம்பி அதற்கேற்பப் படகும் வாங்கினவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அதன்பின் மடையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. திறக்கிற நேரத்தில் கரையில் நின்று, தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதைப் பார்ப்பார். தை முடிகிறபோது படகு சேற்றில் உட்கார்ந்து இடது பக்கமாகச் சாய்ந்தது. மாசி முதல் தேதி நேரே தந்தி ஆபீசுக்குப் போய், தனக்குப் பழக்கமான ஆபீஸ் இங்கிலீஷில் ஒரு தந்தி கொடுத்தார். அதன் தாத்பரியம்: நீர் நிலைமை திருப்திகரமாக இல்லை. பிரயாணத்தை ஒத்திவைக்கவும். கார்த்திகையில் மறுபரிசீலனை செய்யலாம்.

மாசி எட்டாம் தேதி கண்மாயில் மீன்பிடி. தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் ஒருநாள் குறித்து, தமுக்கடித்துச் சுற்று ஊருக்கெல்லாம் சொல்வார்கள். கரையில் துண்டை வீசியதும் ஆணும் பெண்ணுமாக ஆயிரம் பேர் கூடைகளோடு இறங்கி, கிடைத்ததை அள்ளிக்கொண்டு போகலாம். அன்று விஸ்வேஸ்வரன், காலையில் தபாலில் வந்த ஸ்யாமளாவின் கடிதத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, சாய்ந்த படகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஒரே கூச்சல். அன்னக்கொடி என்ற அம்மாள் மீன் கூடையை அறையின் கூரைமேல் வைத்துவிட்டு, “செத்த பாத்துக்கங்க சாமி, நாய் தூக்கிரும்” என்று உத்தியோகமும் கொடுத்துவிட்டுப் போனாள். மரக்கறி தவிர வேறு அறியாத அந்தப் பிராமணர் இரண்டு விரால்களுக்கும் ஒரு கூடை கெண்டைக்கும் காவலாளி ஆனார்.

நல்லகாமன் சேறும் சகதியுமாக வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். “மக வருதுன்னீகளே, எப்பங்க?”

“வரவேண்டாம்னு தந்தி குடுத்துட்டேன்.”

“ஏன், மேலுக்கு ஏதும் முடியலயா?”

“ஜலம் இல்லையே, நல்லகாமா.”

நல்லகாமன் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டார். “அது என்ன கொக்கா சாமி, தண்ணி கெடந்தாத்தான் வரும்கிறதுக்கு?” என்று கேட்டுவிட்டு, யாரோ கூப்பிட்ட பக்கமாக ஓடினார்.

விஸ்வேஸ்வரன் கடிதத்தைப் பிரித்தார்.

‘அப்பாவுக்கு நமஸ்காரம். தந்தி கிடைத்தது. லீவை இனிமேல் மாற்ற முடியாதாம். ஆகையால் பத்தாம் தேதி அவருடைய அண்ணா இருக்கிற புனாவுக்குப் போகலாம் என்கிறார். குழந்தைக்குத் தாத்தாவைக் காட்ட வேண்டும் என்று இருந்தேன். நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் எத்தனை அடி எத்தனை அடி என்றே எழுதுகிறீர்கள். எங்கே சாப்பிடுகிறீர்கள், யார் சமைக்கிறார்கள் என்று எழுதுவதில்லை. படகைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது அப்பா. ஏறினால் தலை சுற்றும் என்றுதான் நினைக்கிறேன்.’

இரண்டு முறை வாசித்தார். பிறகு விரலை மடக்கி எண்ணினார். இன்று எட்டு. பத்தாம் தேதி வரைக்கும் அவர்கள் நாகபுரியில்தான் இருப்பார்கள். அன்னக்கொடி வரும்வரை காத்திருந்து, கூடையை முறைப்படி ஒப்படைத்துவிட்டு, முழங்கால் சேற்றோடு ஜட்காவில் ஏறித் தந்தி ஆபீசுக்குப் போனார்.

தாளை வாங்கினார். விலாசத்தை எழுதினார். ‘உடனே புறப்பட்டு வரவும்’ என்று எழுதினார். அதற்கு மேல் அவருடைய கை தானாக, காரணம் எழுதுகிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டது. இருபத்துநாலு வருஷம் பழகிய இங்கிலீஷில் எத்தனையோ காரணங்கள் இருந்தன: கரை உடைப்பு, அவசர ஆய்வு, மேலதிகாரியின் உத்தரவு, தேக அசௌக்கியம். ஒன்றும் பொருந்தவில்லை. காரணம் இல்லாமல் ஒருவரை வா என்று கூப்பிடுவதற்கு எந்தக் கோப்பிலும் முன்மாதிரி இருந்ததாக அவருக்கு நினைவில்லை. தாளைக் கசக்கி இன்னொரு தாள் வாங்கினார். அதுவும் அந்த இடத்திலேயே நின்றது.

“எழுதியாச்சா சார்?” என்றார் உள்ளே இருந்தவர்.

“ஒரு வார்த்தைதான் பாக்கி.”

“ஒரு வார்த்தைதானே, எழுதுங்கோ. பின்னால நிக்கறா பாருங்கோ.”

விஸ்வேஸ்வரன் ஒதுங்கிப் பின்னால் நின்றவருக்கு வழி விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவருக்கும் விட்டார். காலில் சேறு காய்ந்து வெடித்தது. கடைசியில் அந்த இரண்டாவது தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஜட்காக்காரர் முத்திருளன் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். “வீட்டுக்குங்களா சாமி?”

“இல்லே, விளாங்குடிக்கு.”

“அங்க இனி என்னங்க இருக்கு? மீனும் புடிச்சு முடிச்சிருப்பாக, சனமெல்லாம் போயிருக்கும்.”

“அதான்” என்று ஏறி உட்கார்ந்தார் விஸ்வேஸ்வரன். “படகு தனியாக் கெடக்கும்.”