ஒரு காது எனக்கு

மேசை லாச்சியில் பேனா தேடப்போய், சிக்குப் பிடித்த இயர்போன் வயர் ஒன்று கையில் வந்தது. முகர்ந்து பார்த்தேன். அடித்தது பழைய ரப்பர் வாசனைதான், எனக்கோ தம்புள்ளை வெங்காயம் நினைவுக்கு வந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

மாத்தளையில் ஊடக டிப்ளோமா படித்த காலம். பக்கத்து இருக்கை ரிஸ்னாவுடையது. நான் உக்குவளையில் பாட்டு டீச்சரிடம் ஆறு வருடம் உட்கார்ந்து நாலு பரீட்சை பாஸ் பண்ணியவள், கோயில் திருவிழாவில் மேடையேறியவள். அவளுக்கு சரிகமவே தெரியாது. ஆனால் போனில் எதையாவது பதிந்துகொண்டே திரிவாள். ரயில் கேட் மூடுகிற சத்தம், கண்டக்டர் பஸ்ஸைத் தட்டுகிற தட்டு, எல்லாவற்றையும் லேப்டாப்பில் போட்டு வெட்டி ஒட்டித் தாளமாக்குவாள். முடித்ததும் இயர்போனின் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டுவாள்.

"இந்தா புள்ள, ஒரு காது ஒனக்கு."

முதலில் கேட்பது எப்போதும் நான்தான். நன்றாகவே இருக்கும். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

கடைசிப் பயிற்சிக்கு இருவர் இருவராகச் சேர்ந்து மூன்று நிமிட ஒலிச்சித்திரம் செய்யச் சொன்னார்கள். ரிஸ்னாவின் வாப்பாவுக்குத் தம்புள்ளைச் சந்தையில் வெங்காயக் கடை. அங்கே போனோம். மூட்டை இறக்குகிறவர் சிங்களத்தில் ராகம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ரிஸ்னா என்னை ஓரமாக உட்காரவைத்து, கல்லூரி ரெக்கார்டரை என் மடியில் வைத்து, "ஓடுது, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு பிளேன்டீ வாங்கப் போனாள். சும்மா இருக்குமா என் வாய்? எண்ணுகிறவரின் குரலோடு சேர்ந்து நானும் ஏதோ முணுமுணுத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"வெங்காய மூட்டை சத்தத்தைப் புடிச்சு மியூசிக்னு சொல்றாம்மா. சரிகம தெரியாது. அவளுக்கு நான் மெசின் தூக்குறேன். எல்லாம் என் தலையெழுத்து."

மடியில் இருந்தது ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

மறுநாள் வழக்கம்போல ஒரு காதை நீட்டினாள். வாங்கி மாட்டினேன். சந்தை இரைந்தது, என் முணுமுணுப்பு வந்தது, பிறகு அந்தப் பேச்சு. இருவர் காதிலும் ஒரே நேரத்தில். அவள் கழற்றவில்லை. எனக்குக் கை எழவில்லை. கடைசிச் சொல் வரைக்கும் கேட்டாள். பிறகு அந்த இடத்தை மட்டும் மௌஸால் இழுத்து அழித்தாள்.

"முன்னுக்குப் பாடினது நல்லா இருக்கு. அத வெச்சுக்குவோம்" என்றாள்.

வகுப்பில் போட்டுக் காட்டியபோது எண்ணுகிறவரின் குரலுக்கு மேலே என் குரல் எழுந்தது. யாருடைய குரல் என்று எல்லோரும் கேட்டார்கள். ஆறு வருடத்தில் எந்த மேடையிலும் அது அப்படிக் கேட்டதில்லை. வெட்கப்பட வேண்டிய நேரத்திலும், என் குரலை என்னைவிட இவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறதே என்று பொறாமைதான் பட்டேன். என்ன பிறவியோ நான்.

மன்னிப்புக் கேட்க இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் போனது. அவள் புது இயர்போன் ஒன்றும், லேப்டாப்பில் இரண்டு வயர் செருகுகிற சின்ன பிளக் ஒன்றும் வாங்கி வந்தாள்.

"இனி ஒனக்கும் ரெண்டு காது இருக்கு. நல்லாக் கேக்கும்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். அதற்குப் பிறகு அவள் ஒரு காதை என்னிடம் நீட்டியதே இல்லை. லாச்சியில் கிடைத்தது அவள் தந்த அந்த வயர்தான்.

இப்போது ரிஸ்னா கொழும்பில் விளம்பரங்களுக்கு இசை செய்கிறாள். புதிதாக ஏதும் வந்தால், ஊரே கேட்ட பிறகு நானும் போனில் கேட்கிறேன். நன்றாகவே இருக்கிறது. வயிறு இன்னும் எரிகிறது. அவள் முடித்த கையோடு பக்கத்தில் உட்கார்ந்து முதலில் கேட்கிறவர் யாரோ, அந்த ஆளை நினைத்து.