மிளகாய் ராமாயி

எங்கள் ஊரில் ராமாயி பேச ஆரம்பித்தால் ஒலிபெருக்கிக்கு வேலை இல்லை. குடவாசல் பக்கம் நில உச்சவரம்புப் போராட்டம் நடந்த நாட்களில் கோஷம் போட்டே வளர்ந்த குரல். கடைசியில் பண்ணையிலிருந்து எடுத்த நிலத்தில் ஒரு துண்டு அவள் பேருக்கே பட்டா ஆனது. கொடுத்ததுதான் கொடுத்தார்கள், புல்கூட யோசித்து முளைக்கும் களர் நிலம். தரிசாகக் கிடந்தால் பட்டா ரத்து என்று நிபந்தனை வேறு. பண்ணை ஆட்கள் அதற்காகவே காத்திருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் நடவு கருகிப்போனது. அந்தச் சமயத்தில்தான் டீக்கடை ரேடியோவில் ஒரு சேதி கேட்டாள். புல்லும் கோரையும் சேற்றடியில் அமுங்கி மக்கிய கரிமண்ணைக் காரத்தில் ஊறவைத்தால் ஹியூமிக் அமிலம் பிரிந்து வருமாம், அது பயிரை நன்றாக வேர் பிடிக்க வைக்குமாம். தூர்வாரிய ஓடைக்கரையில் அந்தக் கரிமண் குவிந்து கிடந்தது. என்ன காரம் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. வீட்டிலிருந்த மிளகாயையெல்லாம் இடித்துப் பானையில் கொட்டிவிட்டாள். தெருவே தும்மியது. அன்றிலிருந்து அவள் மிளகாய் ராமாயி.

சோப்பு காய்ச்சும் அஹமது கபீர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, அது சோப்புக்குப் போடும் காஸ்டிக் காரம் என்று சொல்லிக் கொஞ்சம் கொடுத்தார். ராமாயி அதைப் போட்டு நெல் அவிப்பதுபோல் கொதிக்கவிட்டாள். சாறு மை மாதிரி இறங்கியது. பெருமையாக நாற்றங்காலில் ஊற்றினாள். இரண்டே நாளில் நாற்று நுனியெல்லாம் தீய்ந்துவிட்டது. கபீர் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“களர்லயே காரம் ஜாஸ்தி. அதுமேல என் காரத்தையும் ஊத்திட்டீங்க. கொதிக்கக் கொதிக்க உள்ள இருக்கிற சத்தும்ல முறிஞ்சி போகும்? கறுப்பா இருந்தாப் போதுமாம்மா?”

அழுத்தமான காரம் வேண்டாம் என்றால் துணி வெளுக்கும் சாம்பல் தண்ணீர் இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. அதில் கரிமண்ணைப் போட்டு, அடுப்பில் ஏற்றாமல் மூடி வைத்தாள். இந்தமுறை பழுப்பாகத்தான் இறங்கியது. கடுங்காப்பி போடுகிறாயா என்று கணவன் வீரையன் கிண்டல் செய்தான். ஆற்றில் தண்ணீர் வந்ததும், களரின் உப்புக் கரைந்து போக வயலில் நீரைத் தேக்கித் தேக்கி வடித்தாள். அந்தச் சாற்றில் நிறையத் தண்ணீர் கலந்து புது நாற்றுக்கு ஊற்றினாள். பறித்தபோது வேர் வெள்ளைவெளேரென்று கொத்தாக வந்தது. வயல் வரப்பில் நின்று அவள் போட்ட சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். எங்களுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

நிலம் தரிசு என்று பண்ணை ஆட்கள் மனுப் போட, வருவாய் ஆய்வாளர் வந்தார். பச்சைப்பசேலென்று நெல் தூர்கட்டி நின்றது. ராமாயி ஒரு குத்தைப் பிடுங்கி வேரோடு அவர் முன் நீட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்து, பேர் என்ன என்று கேட்டார். கூட வந்திருந்த தலையாரி சாரங்கபாணி முந்திக்கொண்டு, “மிளகா ராமாயிங்க” என்றார்.

எழுதப் போன ஆய்வாளரின் கை நின்றது.

“ராமாயின்னு மட்டும் எழுதுங்க சார்” என்றாள் அவள். “மிளகாயைத் தலையாரி வீட்டுக்குக் குடுத்துடறேன்.”