சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்

முருகையா தன் வாழ்நாளில் ட்ரெக்டரைச் சமதரையில் நிறுத்தியதே இல்லை. தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் வண்டி ஓட்டிப் பழகிய யாரும் நிறுத்துவதில்லை. இறக்கம் பார்த்து நிறுத்து, சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடு. காலையில் கல்லை உருவி, வண்டியை உருளவிட்டுக் கிளச்சை விட்டால் இன்ஜின் தானாகப் பிடித்துக்கொள்ளும். "மலை இருக்கிறவனுக்குப் பெட்டரி எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். மலைநாட்டில் பாதிப் பேர் இப்படித்தான் பெட்டரிக் கடைக்காரர்களின் வயிற்றில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அது தோட்டம் கழித்துவிட்ட பழைய, பாரமான ட்ரெக்டர். ஏலத்தில் எடுத்து, உரமும் விறகும் தேயிலைக் கொழுந்தும் ஏற்றி, இரண்டு பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டார். அதில் கிடந்த பெட்டரி ஏதோ ஒரு வேனிலிருந்து கழற்றியது. ஹாரன் அடிக்கத்தான் அதற்குத் தெம்பு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டு நிரஞ்சலா, "மாமா, கிழவன் எந்திரிச்சாச்சா?" என்று தினமும் வண்டியைக் கேலி செய்வாள். கிழவன் தினமும் எழுந்தான். அதற்கு வசதியான இறக்கம் இருந்தது அந்த லயத்துக்கு நேர் மேலே.

அவர் மனைவி ராசம்மா மீரியபெத்தையில் பிறந்தவள். அங்கே மண் சரிந்தபோது அவள் தங்கையை மலை கொண்டுபோனது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அதிலிருந்து மழை இரைந்தால் ராசம்மா படுக்கமாட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கூரைக்கு மேலே காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

"வண்டி நிக்குதா?"

"நிக்குது புள்ள, படு."

அவர் புரண்டு படுத்துக் குறட்டை விடுவார். மனிதர் கெட்டவரில்லை. கல்லை நம்பினார், அவ்வளவுதான்.

ஐப்பசி மழை விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலையில் மேலே போனவர், கல்லைக் காணாமல் திகைத்தார். கல் சேற்றுக்குள் முழுதாக இறங்கியிருந்தது. சக்கரம் அதன் தலைமேல் ஏறி நின்றது. பின்னாலேயே தேத்தண்ணியோடு வந்த ராசம்மாவும் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார்.

"நா ஒருத்திய மலைக்குக் குடுத்துட்டேன். இன்னும் யாரக் குடுக்கணும்?"

"கீழ மடுவத்துக்கிட்ட நிப்பாட்டுனா அது சமதர. காலையில யாரு இத தள்ளுறது?"

"பெட்டரி போடுங்க."

கொழுந்து நிறுக்கும் மடுவத்து முற்றம் அவர் காலடியில் தெரிந்தது. இத்தனை வருடமும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. முருகையாவுக்கு வெட்கமாக இருந்தது.

பெட்டரி உட்காரும் தட்டின் நீளத்துக்கு ஒன்றும் அகலத்துக்கு ஒன்றுமாக இரண்டு தேயிலைக் குச்சிகளை வெட்டி எடுத்துக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறினார். பஸாரில் தெரிந்தவரான ஸனூஸின் பெட்டரிக் கடைக்குள் நுழைந்ததும் இருந்ததிலேயே பெரியதைக் கைகாட்டினார்.

"அண்ணே, உருவத்தப் பாத்து மயங்காதீங்க," என்றார் ஸனூஸ். "அது வீட்டுக்கு லைட் எரிக்கிற சாமான். கொஞ்சம் கொஞ்சமா ரொம்ப நேரம் குடுக்கும். ஒங்க டீசல் இன்ஜினுக்கு வேணும்கிறது ஒரே மூச்சு. காலக் குளிருல எண்ணெ கெட்டியா நிக்கும். அந்த நேரத்துல பலமா ஒரு சுத்து சுத்திவிடணும்."

குச்சிகளை வைத்து அளந்தார். வயர் எட்டுவதற்கு எந்த முனை எந்தப் பக்கம் வரவேண்டும் என்று கேட்டார். சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார், இல்லாவிட்டால் புதியதும் சீக்கிரம் செத்துவிடும் என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, சிறியது ஒன்றைத் தூக்கி வைத்தார்.

"நீங்கதான் இறக்கத்துல நிப்பாட்டுற ஆளாச்சே. ஒங்களுக்கு இது போதும்."

போதும்தான். தூக்கிக்கொண்டு போகவும் லேசு. முருகையா அதன்மேல் கை வைத்தார். எப்போதாவது மடுவத்தில், மற்ற நாட்களில் பழையபடி மேலே என்று மனது அதற்குள் கணக்குப் போட்டது. பழகிய புத்தி அல்லவா. அப்புறம் சேற்றில் புதைந்த கல் ஞாபகம் வந்தது.

"இல்ல ஸனூஸ் நானா. இனி இறக்கத்துல நிப்பாட்டல. மழ கொட்டுற காலையிலயும் ஒரே சாவியில எந்திரிக்கிறதா குடுங்க."

ஸனூஸ் சிறியதை எடுத்துவிட்டுப் பாரமான ஒன்றைத் தூக்கி வைத்தார். "பட்டி போட்டு இறுக்கிக் கட்டுங்க. இல்லாட்டி இந்த ரோட்டுல ஆடியே உள்ளுக்குள்ள ஒடஞ்சிரும்."

மாலையில் அதை வண்டியில் பூட்டினார். பழைய வயர் முனைகளைச் சுரண்டித் துடைத்து, பட்டி போட்டு இறுக்கினார். மேலிருந்து வண்டியைக் கொண்டுவந்து மடுவத்து முற்றத்தில் நிறுத்தினார். சக்கரத்துக்குக் கல் தேடிய கையை அவரே அடக்க வேண்டியிருந்தது. இருட்டியதும் மழை பிடித்தது.

விடிந்தும் விடவில்லை. அவர் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்ச் சாவியைத் திருப்பினார். கிழவன் ஒரு உறுமலில் எழுந்துவிட்டான். புகை மடுவத்துக் கூரையைத் தாண்டியது. லயத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. ராசம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று இன்ஜினை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்கு ஏறி ஓடினார்.

வாசலிலேயே நின்றுவிட்டார். வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரம். மழைச் சட்டையோடு போய்க்கொண்டிருந்த நிரஞ்சலா எட்டிப் பார்த்தாள்.

"அத்த வேலைக்கி வரலியா மாமா?"

"இல்ல."

"ஏன், ஒடம்பு முடியலியா?"

கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. உள்ளே ராசம்மா கையைத் தலைக்கு வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, மெல்லக் குறட்டை விட்டபடி படுத்திருந்தாள்.

"மெதுவாப் பேசு," என்றார் முருகையா. "தூங்குறா."