தோற்காத பூட்டு சாவி

இன்னிக்கு போளூர்ல இருந்து மலைக்குப் போற பஸ்ல பக்கத்து சீட்டு பெரியவர், மலையில ஒரு வார்டுக்கு மெம்பரா இருந்தவராம்.

எழுபதுகள்ல பூட்டு சாவி சின்னத்துல ஜெயிச்சிருக்காரு. "வூடு வூடாப் போயி, பூட்டு சாவிய வுட்டு வேற எதுலயும் குத்தக்கூடாதுன்னு சொல்லி வெச்சேங்க."

அடுத்த பஞ்சாயத்து தேர்தல் எண்பதுகள்லதான் வந்துச்சு. இவருக்குக் குடை கெடைச்சுது. பூட்டு சாவி எதிராளிக்குப் போயிடுச்சு.

"அப்புறம் இன்னா ஆச்சுங்க?"

"இத்தினி வருசம் கழிச்சும் சனம் மறக்கலங்க. தோத்துட்டேன்."

வூட்டு ஓட்டாவது வுழுந்துச்சான்னு கேட்டேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. "என் சம்சாரம் நான் ஒருதரம் சொன்னா தட்டாதுங்க. பூட்டு சாவிலதான் குத்திட்டு வந்துச்சு."

உங்க வூட்ல யாராச்சும் இவ்ளோ சொல்பேச்சு கேக்குறாங்களா?